எந்த உரையாசிரியர்?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"தாமே பயின்று உரைநூல்களை ஆராய்வது எங்ஙனம்?" என்னும் பொருளில் பேசுமாறு வட்டத்தின் செயலாளர் என்னைப் பணித்தார். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொள்ளாமல், நெறியாளர் எவரும் இல்லாமல், வேறு தொழில் செய்துகொண்டே தமிழ் படிக்கும் அன்பர்கள் இவ்வவையில் மிகுதி. நெசவுத் தொழிலர், லாரிப் பட்டறை வைத்திருப்பவர், கோழிப்பண்ணை நடத்துபவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் எனப் பலர் இங்கே திங்கள்தோறும் கூடுகின்றனர். முனைவர் பட்டம் பெற்றவள் என்பதால் நான் உங்களுக்கு வழிகாட்டுவேன் என்று செயலாளர் எண்ணியிருத்தல் கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. உரைநூலை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் பட்டம் எதுவும் பெறாத ஒருவர். அந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் முனைவர் பட்டம் பெற்ற புதிதில், திருச்செங்கோட்டில் ஒரு கூட்டத்தில் சிலப்பதிகாரம் பற்றிப் பேசினேன். உள்ளூர் மக்களை மகிழ்விக்கும் எண்ணமும் எனக்கு இருந்தது. கண்ணகி இறுதியாக ஏறி நின்ற நெடுவேள் குன்றம் உங்கள் திருச்செங்கோட்டு மலையே என்று உரையாசிரியர்கள் உறுதி செய்துள்ளனர் என்றேன். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. அஃது அடங்கியபின் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்ட தடித்த நூல் ஒன்று அவர் கையில் இருந்தது. "அம்மா, எந்த உரையாசிரியர்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி.

என்னிடம் விடை இல்லை. நான் அச்செய்தியை உரையில் படித்திருக்கவில்லை. உரையைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் படித்திருந்தேன். "உரையாசிரியர்கள்" என்று பன்மையில் சொன்னதே என் அறியாமையின் அடையாளம். கூட்டம் முடிந்ததும் அவர் என்னருகில் வந்து, நூலின் இரண்டு பக்கங்களைத் திறந்து காட்டினார். தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தை இருபது ஆண்டுகளாகத் தாமே பயின்று வந்தவர்.

அவர் காட்டியது இதுதான். சிலப்பதிகாரத்திற்குப் பழைய உரைகள் இரண்டு. ஒன்று அரும்பதவுரை, அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மற்றொன்று அடியார்க்குநல்லாரின் விரிவான உரை. அடியார்க்குநல்லார் காலத்தாற் பிற்பட்டவர், அரும்பதவுரையைக் கண்டவர், சில இடங்களில் அதனோடு உடன்படுவார், சில இடங்களில் மறுப்பார். மதுரையை எரியூட்டிய கண்ணகி வையைக் கரை வழியே சென்று நெடுவேள் குன்றம் ஏறினாள் என்பதே மூலம் தரும் செய்தி. அவ்விடத்தில் ஊர்ப்பெயர் இல்லை. அரும்பதவுரைகாரர் அதனைத் திருச்செங்கோடு என்கிறார். அப்பகுதிக்கு அடியார்க்குநல்லாரின் உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலின் அவர் கருத்தை அங்கே தேடிப் பயனில்லை. ஆனால் நூலின் முகப்பில் உள்ள பதிகத்தில், குன்றக் குறவர் வந்து சேரனிடம் செய்தி சொல்லும் இடத்து அவர் உரை இருக்கிறது. அங்கே அவர், அம்மலை கொடுங்கோளூரை அடுத்துள்ள செங்குன்று என்று உரைத்து, திருச்செங்கோடு என்னும் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறார். திருச்செங்கோடு வஞ்சிக்கு வடகிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது என்பது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று.

ஆக, ஓர் உரையாசிரியர் ஆம் என்கிறார். மற்றவர் அன்று என்கிறார். நான் இருவரையும் சேர்த்து "உறுதி செய்துள்ளனர்" என்று முழங்கியிருந்தேன்.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் ஊரினர் என்பதும், அவ்வூர் கொங்கு நாட்டது என்பதும் கொங்குமண்டல சதகத்தால் அறியப்படுவன. கொங்கு நாட்டுக்காரர், கொங்கு நாட்டு மலைக்குக் கிடைத்த பெருமையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கைதட்டல் வேண்டியவர் செய்யும் செயலன்று இது. சான்று எங்கே இட்டுச் செல்கிறதோ அங்கே சென்றார். அவரைப் படித்தவர் என்று சொல்லிக்கொண்ட நான், அவர் மறுத்த கருத்தை அவர் பெயராலேயே மேடையில் விற்றேன்.

அன்பர்களே, உரைநூல் ஆராய்ச்சியின் முதற்பாடம் இதுவே என்று நினைக்கிறேன். உரை என்பது ஒரே குரல் அன்று. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என உரைகாரர் பலர். சேனாவரையர் இளம்பூரணரை மறுப்பார். நச்சினார்க்கினியர் சில இடங்களில் இருவரையும் விட்டு வேறு வழி செல்வார். பெரும்பாலும் எதிராளியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "என்பார்", "என்பாரும் உளர்", "அது பொருந்தாது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அச்சொல் வரும் இடமெல்லாம் ஒரு வாசல். அவ்வாசலைத் தட்டாமல் கடப்பவர் உரையைப் படித்தவர் ஆகார்.

உலகில் இத்தகைய மரபு நமக்கு மட்டும் உரியதன்று. யூதர்களின் தால்முத் நூலை இங்கே நினைத்துக்கொள்வது பயன்தரும். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பும், அதன்மேல் சில நூற்றாண்டுகள் நிகழ்ந்த விவாதங்களும் சேர்ந்ததே தால்முத். 1520ஆம் ஆண்டை ஒட்டி வெனிஸ் நகரில் அது முழுமையாக அச்சிடப்பட்டபோது அமைந்த பக்க அமைப்பே இன்றும் பின்பற்றப்படுகிறது. நடுவில் மூலம்; ஒரு புறம் ராஷி என்பாரின் உரை; மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் அவ்வுரையை ஆராய்ந்தும் மறுத்தும் எழுதிய தோசாஃபோத் என்னும் குறிப்புரை. ராஷி 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். நம் இளம்பூரணரும் ஏறத்தாழ அக்காலத்தவர் என்றே அறிஞர் பலரும் கருதுகின்றனர். பக்கத்தின் ஓரத்தில், இதே செய்தி வேறு எங்கே வருகிறது என்று காட்டும் சிறு குறிப்புகளும் உண்டு. அம்மரபில் மாணவர் தனித்துப் படிப்பதில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து உரக்கப் படித்து வாதிடுவர். மூலமோ நிறுத்தற்குறிகளும் உயிரொலிக் குறிகளும் அற்றது. நம் ஏட்டுச்சுவடிகள் புள்ளியின்றி எழுதப்பட்டதை இங்கே ஒப்பிடலாம். ஆசிரியர் இன்றி நுழைய முடியாத அக்கோட்டையின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்தவர்களுள் ஒருவர் அதின் ஸ்டைன்சால்ட்ஸ். 1965இல் தொடங்கி 2010இல் முடித்த தம் பதிப்பில் குறிகளும் விளக்கமும் மொழிபெயர்ப்பும் சேர்த்து, தாமே பயில்வோர்க்கு வழி செய்தார்.

நமக்கு அத்தொண்டினை அவருக்கு எண்பது ஆண்டுகள் முன்னரே செய்து வைத்தவர் உ.வே.சாமிநாதையர். அவரும் ஒரு வகையில் தாமே பயின்றவர்தாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கற்றவை பெரும்பாலும் பிற்கால இலக்கியங்கள். பழைய நூல்களின்பால் அவரைத் திருப்பியவர் நம் பக்கத்துக்காரர். கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சந்தித்தார். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் வியப்படையவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அக்கேள்வியே ஐயரின் வாழ்வை மாற்றியது. கேள்வி கேட்பதற்கென்றே சேலத்துச் சீமையில் ஆட்கள் பிறக்கிறார்கள் போலும்!

சிந்தாமணியை ஐயர்க்கு விளக்கிச் சொல்ல ஆசிரியர் எவரும் இல்லை. நச்சினார்க்கினியர் உரை மட்டுமே கையில் இருந்தது. சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிக் கேட்டார். நச்சினார்க்கினியர் பிற நூல்களிலிருந்து மேற்கோள்களை எடுத்து ஆள்வார். ஆனால் நூற்பெயரைச் சொல்லமாட்டார். ஐயர் அவ்வரிகளைத் தனியே குறித்துக்கொண்டு, கிடைத்த ஏடுகளிலெல்லாம் தேடினார். அத்தேடலில் சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அவர்க்குத் தெரியவந்தன. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என அவை அச்சேறின. ஓர் உரையில் வந்த பெயரற்ற மேற்கோள்களைத் தொடர்ந்து சென்ற ஒருவரால் இவ்வளவு நிகழ்ந்தது. அவர் பதிப்புகளின் இறுதியில் உள்ள அகராதிகளையும் மேற்கோள் பட்டியல்களையும் புரட்டாமல் விடாதீர்கள். தாமே பயில்வோர்க்கு அவையே நெறியாளர்.

இனி, செய்முறைக்கு வருவோம். திருச்செங்கோட்டுச் செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அந்தக் கூட்டத்திற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அதனோடுதான் வாழ்ந்தேன். கல்லூரிக்குச் செல்லும் பேருந்திலும், பிள்ளைகள் உறங்கியபின் சமையலறை மேசையிலும்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது. ஆகவே நேரமில்லை என்று சொல்பவரிடம் எனக்கு இரக்கம் உண்டு, உடன்பாடு இல்லை.

முதலில் வினாவைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். "சிலப்பதிகாரத்தில் கொங்கு நாடு" என்று தொடங்கினால் பத்து ஆண்டு ஆகும்; முடிவும் கிட்டாது. "நெடுவேள் குன்றம் எது என்பதில் இரு உரைகளும் ஏன் மாறுபடுகின்றன?" என்பது கையில் அடங்கும் வினா. பிறகு உரையை மூடிவைத்து மூலத்தை மட்டும் படிக்க வேண்டும். மூலம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதியபோது எனக்கு வியப்பாக இருந்தது. வையைக் கரை, நெடுவேள் குன்றம், வேங்கை மர நிழல், பதினான்கு நாள் கழிதல் ஆகியவை மூலத்தில் உள்ளன. குன்றக் குரவையில் முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகச் செங்கோடு சொல்லப்படுகிறது. அரும்பதவுரைகாரர் அப்பெயரை நினைந்தே நெடுவேள் குன்றத்திற்குத் திருச்செங்கோடு எனப் பொருள் கொண்டிருக்கலாம். இஃது என் ஊகம். ஊகம் என்று குறித்தே என் ஏட்டில் வைத்திருக்கிறேன். இன்றும் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியுள்ள அதே மலையில் செங்கோட்டு வேலவர் சந்நிதி இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

அடுத்து, மறுப்பவரின் காரணம் எந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடியார்க்குநல்லார் வஞ்சிக்கு வடகிழக்கே திருச்செங்கோடு என்கிறார். நிலப்படத்தை விரித்து வைத்தேன். கரூரிலிருந்து பார்த்தால் திருச்செங்கோடு வடமேற்கில், நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கொடுங்கோளூரிலிருந்து பார்த்தால் வடகிழக்கில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே அவர் வஞ்சி என்று கொண்டது மேலைக் கடற்கரைக் கொடுங்கோளூரையே. திசையும் அதனோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வஞ்சி எது என்பதிலேயே அறிஞர் மாறுபடுவர். கரூரே வஞ்சி என்று நிறுவ இரா. இராகவையங்கார் "வஞ்சிமாநகர்" என ஒரு நூலே எழுதினார். கே.ஜி.சேஷையர் அதனை மறுத்துக் கொடுங்கோளூர்ப் பக்கம் நின்றார். வஞ்சி கரூர் எனக் கொண்டால் அடியார்க்குநல்லாரின் திசையும் தொலைவும் பற்றிய மறுப்பு வலுவிழக்கும். ஆயினும் அதனால் அரும்பதவுரை உண்மையாகிவிடாது. ஒரு மறுப்பு தளர்வது வேறு. மறுக்கப்பட்ட கருத்து நிலைபெறுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். நானும் ஒன்று எழுதிக் கிழித்தேன்.

வையையின் கரையைப் பிடித்து மேற்கே போனால் வருவது கம்பம் பள்ளத்தாக்கும் அதன் மேலுள்ள மலைகளும். அங்கே தமிழக, கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்டு சொன்னார். சித்திரைப் பௌர்ணமியில் மக்கள் அங்கே செல்கின்றனர். மூலத்தில் உள்ள ஆற்றுவழி அவ்விடத்திற்குத் துணை நிற்கிறது என்பதை நாமக்கல் மேடையில் நின்று சொல்வதற்கு எனக்குச் சற்றே மன வருத்தம்தான். ஆனால் இரண்டாம் முறையும் கைதட்டலுக்காகப் பேச நான் வரவில்லை.

எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்பதிலும் விழிப்பு வேண்டும். இதற்கும் நம் பக்கத்து எடுத்துக்காட்டே தருகிறேன். தகடூரில் அதியமானுக்கும் சேரனுக்கும் நடந்த போரைப் பாடிய "தகடூர் யாத்திரை" முழுமையாகக் கிடைக்காத நூல். புறத்திரட்டு என்னும் தொகைநூலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களும், தொல்காப்பிய உரையில் சில பகுதிகளும்தாம் எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி "மறைந்துபோன தமிழ் நூல்கள்" என்னும் தம் நூலில் இதனைப் பற்றித் தொகுத்துத் தந்துள்ளார். உரைநடையும் பாட்டும் கலந்த பழைய நூல்வகைக்குத் தொல்காப்பியச் செய்யுளியல் உரையில் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் பெருந்தேவனார் பாரதத்தோடு இந்நூலும் ஒன்று. நூல் எந்த வடிவில் இருந்தது என்பதற்கு இது மிக முக்கியமான சான்று. ஆனால் 1885இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை அச்சிட்டபோது, இறுதி நான்கு இயல்களின் உரையும் நச்சினார்க்கினியருடையது என்றே வெளிவந்தது. அது பேராசிரியர் உரை என்பதைப் பின்னர் ஆராய்ந்து காட்டியவர் இரா. இராகவையங்கார். 1885ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் நம்பி எழுதியவர்கள் ஒருவர் கூற்றை மற்றொருவர் வாயில் வைத்தனர். தாமோதரம் பிள்ளையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. செல்லரித்த ஏடுகளோடு தனியே போராடிய அப்பெருமகனார் இல்லையேல் நமக்குப் பொருளதிகாரமே வாய்த்திராது. "எந்த உரையாசிரியர்?" என்னும் வினாவை அச்சுப் புத்தகத்தின் முகப்பைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

நூல்கள் கிடைக்கவில்லை என்னும் குறை முன்பு உண்மையாக இருந்தது. சென்னை பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்திற்கும், ரோஜா முத்தையா நூலகத்திற்கும் போய்வரப் பணமும் விடுமுறையும் வேண்டும். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம்பதிப்புகள் பல கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டு, வரும் வரியை மட்டும் எடுத்துக்கொள்வது நான் அன்று திருச்செங்கோட்டில் செய்த தவற்றின் புதிய வடிவமே. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் படிக்காமல் உரைவரி எதனையும் எடுத்தாளலாகாது.

அந்த முதியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்குப் பின் நாங்கள் மாதம் ஒருமுறை சந்தித்துப் படித்தோம். ஐயா என்றே அழைப்பேன். அவர் என்னைக் கடைசிவரை அம்மா என்றுதான் அழைத்தார். அவர் படிப்பார், நான் மறுப்பேன். நான் படித்தால் அவர் மறுப்பார். இரண்டு உரைகளும் மாறுபடும் இடங்களையெல்லாம் அவர் கோடு போட்ட நோட்டுகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் அரும்பதவுரை, வலப்பக்கம் அடியார்க்குநல்லார். யூதர்களின் பக்க அமைப்பைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவற்றை அச்சிடலாமே என்று நான் சொன்னபோதெல்லாம், "இன்னும் முடியலைம்மா" என்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் மறைந்தார். எனக்குச் செய்தி தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டைக் காலி செய்திருந்தனர். நோட்டுகள் பழைய தாள் வாங்கும் கடைக்குப் போய்விட்டன. வீட்டார் மேல் பிழை இல்லை. அவை என்னவென்று அவர்களுக்குச் சொல்ல நான் ஒருநாளும் முயன்றதில்லை. அந்தக் கடையில் மூட்டைகளைக் கிளறித் தேடியதில் ஒரே ஒரு நோட்டுக் கிடைத்தது. வழக்குரை காதை வரையிலான குறிப்புகளில் ஒரு பகுதி அதில் இருக்கிறது. அதனை இன்று கொண்டுவந்து வட்டத்தின் நூலகத்தில் ஒப்படைத்துள்ளேன். உங்களுள் எவரேனும் இத்தகைய குறிப்புகள் வைத்திருந்தால், அவை எவை என்று உங்கள் வீட்டில் ஒருவரிடமாவது இன்றிரவே சொல்லி வையுங்கள்.

வட்டத்தின் அடுத்த கூட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதிகத்தையும் அதன் இரு உரைகளையும் இருவர் இருவராக அமர்ந்து படிப்போம். திருச்செங்கோட்டின் தொலைவை அடியார்க்குநல்லார் காதக் கணக்கில் ஓர் எண்ணாகவே சொல்கிறார். அந்த எண்ணை நான் இங்கே வேண்டுமென்றே சொல்லவில்லை; நீங்களே திறந்து காண வேண்டும். கண்டபின், கொடுங்கோளூரிலிருந்து நம் மலை வரை உள்ள வழியை அளந்து, அவர் கருதிய காதம் எவ்வளவு நீளம் என்று கணக்கிட்டு வாருங்கள். லாரித் தொழிலில் இருக்கும் அன்பர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பலமுறை போய்வந்தவர்கள். அவர்கள் கணக்கையே நான் முதலில் கேட்பேன்.